பதினேழாவது சரிவு

2024 செப்டம்பர் 30, திங்கட்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. மூன்று மாதமாக மண்ணை வாரி இறைத்த தென்மேற்குக் காற்று முந்தின நாளோடு நின்றுபோய், புழுக்கம் சட்டையை முதுகோடு ஒட்டவைத்திருந்தது. ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் வரிசையில் எனக்கு முன்னால் முப்பத்தொரு பேர். என் பக்கத்தில் பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி, அவளுக்குப் பக்கத்தில் அவளுடைய அம்மா. அந்தப் பெண்ணின் கையில் இருந்த மனுவைத் தட்டச்சு செய்தவன் நான். தெருவோரச் சாக்கடையை எங்கள் பக்கம் வாறுகால் என்போம். எங்கள் தெருவின் வடக்கு வரிசையில், வண்டி ஏற்றுவதற்காக வாறுகாலின் மேல் சிமெண்ட் சரிவு கட்டியிருக்கும் வீடுகள் பதினாறு என்று அந்த மனுவில் இருந்தது. பதினேழு என்பதுதான் சரி. விட்டுப்போன ஒன்று என் வீட்டு வாசலில் இருந்தது. மறதியால் அதை விடவில்லை.

எனக்கு எழுபத்து மூன்று வயது. முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் வரலாறும் குடிமையியலும் நடத்தி ஓய்வு பெற்றவன். எதையும் எண்ணாமல் என்னால் கடக்க முடியாது. வீட்டிலிருந்து கோயிலுக்கு நானூற்றுப் பன்னிரண்டு காலடி. துறைமுகத்திலிருந்து வரும் நிலக்கரித் தூசியை மனைவி ஜன்னல் கட்டையிலிருந்து வாரத்துக்கு எத்தனை முறை துடைக்கிறாள் என்பதும் எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் ஒன்றைக் குறைத்து எண்ணினேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பெண்ணும் அம்மாவும் ஜூன் மாதம் அமெரிக்காவிலிருந்து வந்தார்கள். எங்கள் தெருவில் மேற்கிலிருந்து பதினோராவது வீடு அவளுடைய தாத்தாவின் வீடு. நாற்பது வருடம் கப்பலில் போய்வந்த மனிதர். வாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. அவரைப் பார்த்துக்கொள்ள மகள் வந்தாள், பேத்தியும் கூட வந்தாள். பேத்தி படித்த பள்ளிக்கூடமே கணினி வழியாகப் பாடங்களை அனுப்பிக்கொண்டிருந்தது. ஒருநாள் அம்மா என் வீட்டுக்கு வந்தாள்.

"சார், இவளுக்கு மத்த பாடமெல்லாம் வந்துருது. இந்த கவர்ன்மெண்ட் பாடந்தான் வரமாட்டுக்கு. அங்க இருக்கும்போதும் இப்படித்தான். நீங்க கொஞ்சம் சொல்லிக் குடுப்பியளா?"

அமெரிக்க அரசமைப்பை நான் ஒரே ஒரு பாடமாக, நம்முடையதோடு ஒப்பிட்டுக் காட்டும் அளவுக்குத்தான் நடத்தியிருக்கிறேன். இருந்தாலும் ஒப்புக்கொண்டேன். அவளுடைய புத்தகத்தை வாங்கி முந்நூற்று எண்பத்தாறு பக்கத்தையும் இரண்டு தடவை படித்தேன். திங்கள், புதன், வெள்ளி காலை ஏழிலிருந்து எட்டு வரை, எங்கள் சாப்பாட்டு மேசையில். மாதம் மூவாயிரம் ரூபாய்.

முதல் நாள் ஒரு தாளில் எண்களை எழுதி அவள் முன்னால் வைத்தேன். ஐம்பது மாநிலம், நூறு செனட்டர், நானூற்று முப்பத்தைந்து பிரதிநிதிகள், ஒன்பது நீதிபதிகள், இருபத்தேழு திருத்தங்கள்.

"சார், நம்பரெல்லாம் போன்லயே இருக்கு. ஏன் நூறு பேர், அதைச் சொல்லுங்க."

"மாநிலத்துக்கு ரெண்டு பேர். அம்பது ரெண்டு நூறு."

"பெரிய ஸ்டேட்டுக்கும் ரெண்டு, குட்டி ஸ்டேட்டுக்கும் ரெண்டா? அது அன்ஃபேர் இல்லையா?"

முப்பத்து நான்கு வருடத்தில் என்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. அன்றைக்கு ஒரு மணி நேரப் பாடம் ஒன்றே முக்கால் மணி நேரம் போனது. காபி கொண்டுவந்த என் மனைவி நின்று கேட்டுவிட்டு, "அமெரிக்காவுல எத்தன நாற்காலின்னு எண்ணிச் சொல்லுதிய. நம்ம அரிசி டப்பாவுல எத்தன வண்டுன்னு எண்ணிச் சொன்னா எனக்கு ஒதவும்" என்றாள். அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் காபி மேசையில் சிந்தியது.

முதல் திருத்தத்துக்கு வந்தோம். அதில் ஐந்து சுதந்திரங்கள். மதம், பேச்சு, பத்திரிகை, கூடுவது ஆகிய நான்கையும் எல்லாரும் சொல்லிவிடுவார்கள். ஐந்தாவதை மறப்பார்கள், அரசிடம் முறையிட்டு மனுக் கொடுக்கும் உரிமை. இது நம்மிடமும் உண்டு, திங்கட்கிழமைதோறும் நடக்கிறது என்று சொன்னேன். பெருமைக்காக, தெருக்காரர்களுக்கு இதுவரை நான் எழுதிக் கொடுத்த மனுக்கள் இருநூற்றுப் பதினான்கு என்றும் சொல்லி, நகல்கள் வைத்திருக்கும் கோப்பை எடுத்துக் காட்டினேன். அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"தாங்கள் பெரிய மனது வைத்து… ஏழை எளியோராகிய எங்கள் பேரில் கருணை கூர்ந்து… சார், இது யாருக்கு? ராஜாவுக்கா?"

"கலெக்டருக்கு."

"அவங்களுக்கு சம்பளம் யார் குடுக்கறாங்க?"

"நாமதான். வரிப்பணம்."

"அப்புறம் ஏன் சார் கெஞ்சறீங்க?"

"இங்கன அப்படித்தாம்மா" என்றேன்.

ஆகஸ்டில் அவளுக்கு ஒரு செய்முறைப் பாடம் வந்தது. வசிக்கும் இடத்தில் ஒரு குறையைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு யார் பொறுப்பு என்று அறிந்து, சான்று சேர்த்து, அவருக்கு எழுத வேண்டும். என்ன பதில் வந்தது, குறை தீர்ந்ததா, தீரவில்லையென்றால் ஏன் என்பதை அறிக்கையாக அனுப்ப வேண்டும். நூற்றுக்கு நாற்பது மதிப்பெண். அவள் யோசிக்கவே இல்லை. வாறுகால் என்றாள்.

எங்கள் தெருவை மூன்று தடவை உயர்த்திப் போட்டுவிட்டார்கள். அவளுடைய தாத்தா வீட்டுத் தரை இப்போது தெருவிலிருந்து பதினான்கு அங்குலம் கீழே. போன டிசம்பர் பெருமழையில் ஊர் முழுக்கத் தண்ணீர் நின்றதால் அந்த வீட்டை யாரும் தனியாகக் கவனிக்கவில்லை. சாதாரண மழைக்கும் அந்த வீட்டுக்குள் மட்டும் தண்ணீர் ஏறும். தாத்தா படுத்திருப்பது கீழ் அறையில். மாடி கிடையாது.

"மழைக்கு முன்னால சரி பண்ணணும் சார். தாத்தாவால எழுந்திருக்க முடியாது" என்றாள். மதிப்பெண்ணைப் பற்றி அவள் பேசவே இல்லை.

வாறுகால் யாருடைய பொறுப்பு என்று கேட்டாள். ஒன்பது நீதிபதிகளையும் வரிசையாகச் சொல்லக்கூடிய நான், மாநகராட்சியில் எந்த மண்டலம், எந்தப் பொறியாளர் என்பதைச் சொல்ல இரண்டு நாள் எடுத்துக்கொண்டேன்.

என்னுடைய அளவு நாடாவை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். எதிர்ச்சாரியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வரிசையின் மேற்குக் கோடியில் இருக்கும் மளிகைக்கடை அண்ணாச்சி வெளியே வந்தார்.

"ஏளா, டேப்பப் புடிச்சிக்கிட்டு என்ன அளக்க? ரோட்ட வெலைக்கு வாங்கப் போறியா?"

"வாறுகால் அளக்கறேன் அண்ணாச்சி."

"அமெரிக்காவுல வாறுகாலே கெடையாதாக்கும், இங்கன வந்து அளக்க?"

"இருக்கு. அது மேல கடை வைக்க மாட்டாங்க."

அண்ணாச்சி தன் கடை வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "வாய்க்கு மட்டும் வரி போட்டா ஒங்க அம்ம கட்டி முடியாது" என்று சொல்லிச் சிரித்தார்.

அடுத்த புதன்கிழமை நோட்டை என் முன்னால் விரித்தாள். வடக்கு வரிசை இருபத்து மூன்று வீடு. சரிவு கட்டியவை பதினேழு. தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் அகலம், ஆழம், அடியில் எவ்வளவு இடைவெளி என்று பென்சிலால் எழுதியிருந்தாள். நானே அளந்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது. பதினான்காம் எண்ணில் மட்டும் சிவப்பு மையால் கோடு.

"மத்த வீட்ல எல்லாம் மேல மூடியிருக்காங்க சார், கீழ தண்ணி போக இடம் இருக்கு. குப்பை எடுத்தா போதும். பதினாலுல மட்டும் கீழ ஃபுல்லா கான்கிரீட். நாலு இஞ்ச் பைப் ஒண்ணுதான் இருக்கு. வாறுகால் அகலம் ஒன்றரை அடி. தண்ணி அங்கதான் நிக்குது, நின்னு எங்க வீட்டுக்கு வருதுன்னு நினைக்கிறேன்."

'உங்கள் வீடு' என்று அவள் சொல்லவில்லை. எண்ணைத்தான் சொன்னாள்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் ஸ்கூட்டர் வாங்கியபோது கட்டிய சரிவு அது. கொத்தனார் என்னிடம் கேட்டான். "சார், பலகை போட்டு மேல மூடுனா ரெண்டாயிரத்து எண்ணூறு கூட ஆவும். ஒரு பைப்ப உள்ள விட்டு நெரப்பிருவமா?" நிரப்பு என்றேன். அதற்குப் பிறகு ஒருநாளும் குனிந்து உள்ளே பார்க்கவில்லை. தெருவில் தண்ணீர் நிற்கும்போதெல்லாம் பார்த்திருக்கலாம்.

"பைப் இருக்குல்லா? அப்போ அது அடைப்பு ஆகாது. அத இதுல சேக்கக் கூடாது" என்றேன்.

"ஆனா சார், நாலு இஞ்ச்…"

"நான் சொல்லுதேன்லா."

அந்தக் குரல் வகுப்பறையில் முப்பத்து நான்கு வருடம் பழகிய குரல். அவளை அழைத்துப்போக வந்து வாசலில் நின்ற அம்மாவுக்கும் அது கேட்டது. "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும். எழுதிக்கோளா" என்றாள். அந்தப் பெண் என்னையும் நோட்டையும் பார்த்தாள். பிறகு ரப்பரைத் தேடினாள். சிவப்பு மை ரப்பரில் போகாது. பக்கத்தைக் கிழித்துவிட்டு, வேறு பக்கத்தில் எழுதிக்கொண்டாள்.

அவள் எழுதி வைத்திருந்த கடிதத்தில் நான்கே வாக்கியம். எங்கள் தெருவில் இத்தனை வீடுகள் வாறுகாலை மூடியிருக்கின்றன. தண்ணீர் எங்கள் வீட்டுக்குள் வருகிறது. இதை நீக்குவது உங்கள் வேலை. எந்தத் தேதிக்குள் நீக்குவீர்கள்? தேதி கேட்டால் அதிகாரிக்குக் கோபம் வரும் என்று சொல்லி அதை வாங்கி வைத்துக்கொண்டேன். நான் தட்டச்சு செய்தது ஒன்றரைப் பக்கம். தாழ்மை மூன்று இடத்தில், கருணை இரண்டு இடத்தில். கதவு எண்களின் பட்டியலில் பதின்மூன்றுக்கு அப்புறம் பதினைந்து.

அந்தத் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனுவை வாங்கிய அலுவலர் மரியாதையானவர். படித்துவிட்டு, "நீயா எழுதினேம்மா?" என்று கேட்டார்.

"சார் எழுதினாங்க. எண்ணினது நான்" என்றாள்.

பதினைந்தாவது நாள் இயந்திரம் வந்துவிட்டது. இத்தனை விரைவாக வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மேற்பார்வையாளர் பட்டியலை வைத்துக்கொண்டு மேற்கிலிருந்து இடித்துக்கொண்டே வந்தார். முதலில் மளிகைக்கடை. அண்ணாச்சி தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். பதின்மூன்றை முடித்து என் வாசலுக்கு வந்து, தாளைப் பார்த்து, தயங்கினார்.

"இது பட்டியல்ல இல்லையே சார்?"

"அடியில பைப் போட்டிருக்கு" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டு இயந்திரத்தைப் பதினைந்துக்கு நகர்த்தச் சொன்னார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

"வாத்தியார் வீட்டு வாசல் மட்டும் ஜே.சி.பி.க்குக் கண்ணு தெரியல போல" என்றது ஒரு குரல்.

"பைப் இருக்காம்லா. தெரிஞ்சிருந்தா நானும் ஒரு ஸ்ட்ராவாவது சொருகி வச்சிருப்பேன்" என்றார் அண்ணாச்சி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சாயங்காலம் மனைவி கேட்டாள். "பதினாறையும் இடிச்சாச்சி. இனி அந்த வீட்டுக்குத் தண்ணி போகாதுல்லா?"

போகாது என்றேன். கொத்தனார் பைப்பை வைத்த அன்று அவனுக்குக் காபி கொடுத்தவள் அவள்தான்.

நவம்பர் மூன்றாவது வாரம் ஒரு புதன்கிழமை விடியும்போது நல்ல மழை. ஆறே காலுக்கு அந்தப் பெண்ணின் அம்மா வந்து கதவைத் தட்டினாள். வீட்டுக்குள் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே தண்ணீர். கட்டிலின் சட்டத்தைத் தொட இன்னும் இரண்டு அங்குலம்தான் இருந்தது. கடற்கரையோரத் திரேஸ்புரத்திலிருந்து உறவுக்காரர்கள் நான்கு பேர் ஆட்டோவோடு வந்திருந்தார்கள். தாத்தாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, ஆளுக்கொரு காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். அவருடைய வலது கை, விலகும் வேட்டியைத் திரும்பத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. நான் அவர் தலைக்கு மேல் குடை பிடித்தேன். என்னால் முடிந்தது அதுதான். அவர் கோணிய வாயோடு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"சார்வாள், பயப்படாதிய. கப்பல் இன்னும் முங்கல."

தூக்கியவர்கள் சிரித்தார்கள். ஆட்டோ போனது. தெருவில் அந்தப் பெண் மட்டும் நின்றாள். என் வாசலுக்கு வந்து, சரிவின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, ஈர்க்குச்சி ஒன்றைப் பைப்புக்குள் விட்டுப் பார்த்தாள். சரிவுக்கு மேற்கே தண்ணீர் தெருமட்டத்துக்கு நின்றது. கிழக்கே வாறுகாலின் அடித்தரை தெரிந்தது. பைப்பின் வாயிலிருந்து ஒரு விரல் பருமனுக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

நான் வாசற்கதவுக்கு உள்ளே நின்றேன். அவள் எழுந்து கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

"சார், வெள்ளிக்கிழமை ரிப்போர்ட் அனுப்பணும். சரியாகலைன்னா ஏன்னு ஒரு கேள்வி இருக்கு. என்ன எழுதட்டும்?"

எனக்கு நேரம் கொடுத்தாள். மழையில் நனைந்துகொண்டே நின்றாள். குடை என் கையில்தான் இருந்தது.

"மழ ஜாஸ்தின்னு எழுது" என்றேன்.

"சரி சார்."

அடுத்த இரண்டு வகுப்புக்கும் அவள் வரவில்லை. தாத்தாவோடு திரேஸ்புரத்தில் இருக்கிறாள் என்றார்கள். பிறகு ஒருநாள் அம்மா வந்தாள், கையில் மாதச் சம்பளக் கவரும் அச்செடுத்த அறிக்கையும். நாற்பதுக்கு முப்பத்தாறு. "ஒங்களாலதான் சார்" என்றாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பதினாறு சரிவுகள் அகற்றப்பட்டன, தண்ணீர் வடியவில்லை, காரணம் தெரியவில்லை என்று எழுதியிருந்தாள். நான் சொல்லிக்கொடுத்த பொய்யை எழுதவில்லை. தனக்குத் தெரிந்ததையும் எழுதவில்லை. அதன் கீழே அமெரிக்க ஆசிரியையின் குறிப்பு இருந்தது. இவ்வளவு கவனமாக அளந்த நீ காரணத்தைத் தேடாமல் விட்டது எனக்கு வியப்பாக இருக்கிறது என்று எழுதி, நான்கு மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார்.

"தேடலைன்னு போட்டிருக்காங்களே" என்றேன்.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நாந்தான் சார் சொன்னேன். பெரியவங்கள எழுத்துல கொண்டு வரக்கூடாதுன்னு."

அப்படியானால் இவளுக்கும் தெரியும். பைப்பைச் சொல்லிச் சிரித்த தெருவுக்கும் தெரியும். தெரியாதது போலப் பேசிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். கவரை வாங்காமல் உள்ளே போய்விட்டேன். அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று எண்ணவில்லை.

மறுநாள் திரேஸ்புரத்துக்குப் போனேன். உறவுக்காரர் வீட்டு வாசலில், காயப்போட்ட வலைக்குப் பக்கத்தில், மடியில் கணினியோடு உட்கார்ந்திருந்தாள்.

"பதினேழுன்னு ஒங்க டீச்சருக்கு எழுதிருவோம்" என்றேன்.

"நீங்க எழுதுங்க சார். அது உங்க மனுதானே."

எழுதி எடுத்துக்கொண்டு மறுபடியும் போனேன். ஒரு முழுப் பக்கம். வாசித்துக்கொண்டே வேண்டாததைக் கோடு போட்டு அடித்தாள். தாழ்மை போனது. என் வயது போனது. முப்பத்து நான்கு வருடப் பணி போனது. மிஞ்சியவை ஐந்து சின்ன வாக்கியம். சரிவுகள் பதினேழு, பதினேழாவது என் வீட்டுடையது, தண்ணீரைத் தடுப்பது அதுதான், அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று சொன்னது நான், மாணவி மறுத்தாள்.

"மறுத்தாள்னு போடாதீங்க" என்றாள். "நான் மறுக்கலை. சரின்னு சொன்னேன்."

அதையும் அடித்துவிட்டு அனுப்பினாள். நான்கு மதிப்பெண் திரும்பக் கிடைத்ததா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகும் நான் என்ன செய்தேன் என்றால், மாநகராட்சி அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிக்கொண்டு போனேன். பதினான்காம் எண் சரிவையும் கருணை கூர்ந்து அகற்றித் தருமாறு. மனுவை வாங்கிய இளைஞர் படித்து, கதவு எண்ணைப் பார்த்து, என் முகவரியைப் பார்த்தார்.

"பெரியவரே, ஒங்க வாசல், ஒங்க சிமெண்ட். இதுக்கு எதுக்கு மனு? வீட்டுக்குப் போயி கடப்பாரைய எடுங்க."

பக்கத்து மேசைக்காரர் சிரிப்பை அடக்க இருமினார்.

டிசம்பர் முதல் வாரத்தில் இடித்தேன். கொத்தனாரோடு இரண்டு ஆட்கள். மளிகைக்கடை அண்ணாச்சி முழுவதையும் கைகட்டிக்கொண்டு நின்று பார்த்தார். "வாத்தியாரே, பைப்ப பத்திரமா எடுத்து வைங்க, நல்ல சாமான்" என்று ஒரு தடவை சொன்னார். அடைப்பு உடைந்ததும், தேங்கியிருந்த கறுப்புத் தண்ணீர் கிழக்கே ஓடிக் கால்மணி நேரத்தில் வடிந்தது. மறுவாரம் தாத்தாவைத் தூக்கிக்கொண்டு வந்து பழைய அறையில் படுக்கவைத்தார்கள். அந்தப் பெண் மறுபடி வகுப்புக்கு வந்தாள். ஜனவரியில் ஊருக்குப் போகும்வரை பாடம் நடந்தது. எண்களைத் தவிர வேறு எதையும் நான் சொல்லும்போது, ஒரு நொடி என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் எழுதிக்கொண்டாள்.

கொத்தனாருக்கு ஆயிரம், ஆட்கள் இருவருக்கு ஆயிரத்து ஐந்நூறு, உடைக்கும் இயந்திர வாடகை எண்ணூறு, கட்டிட இடிபாட்டை அள்ளிய வண்டிக்கு ஆயிரத்து நானூறு, வாறுகாலைச் சுத்தம் செய்தவருக்கு அறுநூறு. ஸ்கூட்டரை ஏற்றும்போது மட்டும் போட்டு எடுக்க இரும்புப் பலகை இரண்டு, மூவாயிரத்துத் தொள்ளாயிரம். வாங்காமல் விட்ட நவம்பர் மாதச் சம்பளம் மூவாயிரம். மொத்தம் பன்னிரண்டாயிரத்து இருநூறு ரூபாய்.